நம் மண் எப்படி ஆடும்?



2012 ஏப்ரல் 11 பிற்பகல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் மாடி அலுவலகங்களிலிருந்து மக்கள் சாலைக்கு ஓடி வந்தார்கள். அதற்கு முன்பு, 2001 செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக் கடலில் ஒன்று. பிறகு 2019 பிப்ரவரியிலும் 2021 ஆகஸ்டிலும் வங்கக் கடலில். ஒவ்வொரு முறையும் ரிக்டர் அளவைத் தொலைக்காட்சி சொன்னது. நம் பூந்தமல்லியில், கரையான்சாவடியில் மண் எவ்வளவு ஆடியது, குமணன்சாவடியில் எவ்வளவு ஆடியது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நிலநடுக்கம் பிறந்த இடத்தில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதற்குத்தான் ரிக்டர் அளவு. நம் வீட்டுத் தூணை அது எவ்வளவு உலுக்கியது என்பது வேறு கணக்கு. தொலைதூர அதிர்வையும் பிடிக்கும் நுட்பமான நில அதிர்வுமானியைப் பலத்த நடுக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால், நகைத் தராசில் நெல் மூட்டையை ஏற்றிய கதைதான். முள் எல்லையில் முட்டி நிற்கும், எடை தெரியாது. பலத்த ஆட்டத்தை அளக்கவென்றே உள்ள கருவி முடுக்கமானி. உலுக்கலைப் புவியீர்ப்பின் பங்காகக் கணக்கிட்டுத் தரும். கட்டடப் பொறியாளருக்கு வேண்டியது அந்த எண்.

அந்த எண்ணின் மதிப்பு என்ன என்று கொய்னா சொல்லும். மகாராஷ்டிரத்தில், கொய்னா அணையில் 1962-ல் நீர் தேக்கத் தொடங்கியதும் சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள். அலட்சியமாக விடாமல் கருவிகள் வைத்தார்கள். அணைக்குள்ளேயும் ஒரு முடுக்கமானி வைத்தார்கள். 1967 டிசம்பர் 11, விடியுமுன், ஊர் உறங்கும் வேளையில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 180 பேர் மாண்டார்கள். அணை விரிசல் கண்டது, ஆனாலும் நின்றது. கருவி பதிந்த உச்சம் புவியீர்ப்பில் 63 விழுக்காடு. வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருந்ததோ வெறும் 5 விழுக்காடு! தக்காணத்துப் பாறை அசையாது என்ற நம்பிக்கையை அந்த ஒரே பதிவு உடைத்தது. பிறகு அணையைப் பலப்படுத்தினார்கள். உலகமெங்கும் அணைப் பொறியாளர்கள் தங்கள் கணக்கு முறையைச் சோதிக்க இன்றும் கொய்னாப் பதிவைத்தான் எடுக்கிறார்கள்.

இனி, கருவி இல்லாத இடத்தின் கதை. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை. குஜராத் நிலநடுக்கத்தில் பூஜ், பச்சாவ், அஞ்சார் ஊர்கள் நொறுங்கின. பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தனை சாவுக்குப் பிறகும், நடுக்கத்தின் மடியில் மண் ஆடிய ஆட்டத்தை நொடிக்கு நொடி காட்டும் பதிவு நம்மிடம் இல்லை. பேர் சொல்லும்படி கிடைத்தது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் ஒரு கட்டடத்தில் பதிவானது. அதன் உச்சம் சுமார் 11 விழுக்காடு. அந்தச் சிறிய எண்ணுக்கே அங்கே அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்களை விட்டுவிட்டு மேலே வீடுகளை அடுக்கியவை. நம் ட்ரங்க் ரோட்டிலிருந்து ஏதாவது ஒரு தெருவுக்குள் திரும்பிப் பாருங்கள். அதே தூண்கள், அதே வெற்றுத் தரைத்தளம்.

நாம் ஏரிகளின் ஊர்க்காரர்கள். தூர்த்த குளத்தின் மேலும் வயல் களிமண்ணின் மேலும் மனை போட்டவர்கள். மெக்சிகோ நகரமும் வற்றிய ஏரிப்படுகையில் எழுந்ததுதான். 1985 செப்டம்பர் 19 அன்று 350 கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், நகரத்தின் கெட்டித்தரையைவிட ஏரிச்சேறு சுமார் ஐந்து மடங்கு ஆடியது. இரண்டு இடத்திலும் முடுக்கமானி இருந்ததால்தான் அது உலகுக்குத் தெரிந்தது.

சென்னையை 2002-ல் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். ஆனால் அந்த மண்டல வரைபடத்தில் முழு நகரத்துக்கும் ஒரே நிறம். மண்ணோ தெருவுக்குத் தெரு மாறுகிறது. ரூர்க்கி ஐஐடி ஏறத்தாழ 300 முடுக்கமானிகளைக் காஷ்மீரிலிருந்து மேகாலயா வரை நிறுவியது. இமயத்துக்கு முதலிடம் தந்தது நியாயம். அதில் எனக்கு மறுப்பில்லை. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் 1993 நிலநடுக்கத்தில் புதைந்த ஆயிரக்கணக்கானோரும் இமயத்தில் வாழ்ந்தவர்களல்லர் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாட்டின் முடுக்கமானி வலையமைப்பைப் புதுப்பிக்கும்போது பழைய பெட்டிக்குப் பதில் புதுப் பெட்டி வைத்தால் போதாது. முன்பெல்லாம் நடுக்கம் ஓய்ந்த பிறகு ஆள் போய்ப் படச்சுருளை எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். இன்று தரவு அந்தக் கணமே வந்து சேரும். எந்தப் பகுதி அதிகம் குலுங்கியது என்ற வரைபடம் சில நிமிடங்களில் தயாராகும். தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்சும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். கோபே நகரம் 1995 நிலநடுக்கத்தில் சிதைந்ததும் ஜப்பான் 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் அமைத்தது. அவற்றைப் பேணவும் செய்கிறது. பேட்டரி செத்துக் கிடக்கும் கருவி இருந்தும் இல்லாததுதான். ஆகவே பராமரிப்புக்கு ஆளும் ஆண்டுதோறும் பணமும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

சென்னை மண்ணைப் பகுதி பகுதியாக ஆராயும் பணியைத் தேசிய நில அதிர்வு மையம் கையில் எடுத்தது. அந்தக் கணக்கைச் சரிபார்க்கப் பதிவுகள் வேண்டும். எனவே இந்தக் கூட்டம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு முடுக்கமானி. பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ மேம்பாலத் தூணில் ஒன்று. தூர்த்த நிலத்தில் நிற்கும் ஒரு பள்ளி வளாகத்தில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கப் பரங்கிமலைப் பாறையில் ஒன்று. பதிவுகள் மாணவருக்கும் பொறியாளருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். தீர்மானத்தின் நகல்கள் தேசிய நில அதிர்வு மையத்துக்கும் நீர்வளத் துறைக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் நம் நகராட்சிக்கும் போகட்டும். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. வீட்டு எண்ணோடு தெருப் பெயரையும் எழுதுங்கள், எந்தெந்தத் தெரு கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.