வீட்டு வாசலில் ஒரு மின்சார பங்க்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கதை பேச நிறையப் பேர் இருக்காங்க. நீ எலக்ட்ரிகல்காரன், உருப்படியா ஏதாவது சொல்லு" என்று செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். கல்லூரி வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்ததும் தலைப்பு கிடைத்துவிட்டது. பச்சை நம்பர் பிளேட் போட்ட வண்டிகள் எத்தனை! நம்மில் பலர் பெட்ரோல் பங்கை மறந்தாகிவிட்டது. இனி வீட்டு வாசல்தான் பங்க். அந்தப் பங்கை எப்படி அமைப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கணக்கு என்றதும் கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து போக வேண்டாம்! வீட்டில் அயர்ன் பாக்ஸ் இருக்கிறது, கீசர் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது. கீசர் 2,000 வாட் இழுக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். ஏ.சி.யின் கம்ப்ரஸர் அறை குளிர்ந்ததும் ஓய்வெடுக்கும். கார் அப்படியில்லை. 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் ஏறக்குறைய 15 ஆம்பியர், அதாவது 3,300 வாட், எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். நம் வீடுகளில் இதற்குமுன் இப்படி ஒரு சுமை இருந்ததே இல்லை. நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

சாக்கெட்டின் உள்ளே ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படவில்லை என்று வையுங்கள். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை. ரொம்பச் சின்ன எண்தானே? வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். 15-ஐ 15-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்குங்கள். 22.5 வாட். நம் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தோமே, 25 வாட் சால்டரிங் அயர்ன், கிட்டத்தட்ட அதுவேதான். பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க நாம் தூங்குகிறோம்!

"எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகிடாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. அதைப் பொறுத்தவரை ஓடுவது அதே 15 ஆம்பியர்தான், எந்தத் தப்பும் இல்லை. லூஸ் காண்டாக்டை எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது, ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது. நல்ல எலக்ட்ரீஷியனின் ஸ்க்ரூ டிரைவரும், சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்க்கும் உங்கள் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியதும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அந்தப் பிளக்கை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார இருசக்கர வண்டி தீப்பிடித்து, தூங்கிக் கொண்டிருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து இருசக்கர வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. பேட்டரியை அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் வீட்டுச் சாக்கெட்டை நாம்தான் பார்க்க வேண்டும். வாசற்படியிலும், மாடிப்படிக்குக் கீழேயும் வண்டியை வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீ என்று வந்தால் நீங்கள் வெளியேறும் வழி அதுதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, தனி லைன். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே ஓர் ஒயர், அதற்கென்றே ஒரு எம்.சி.பி. வேறு எதுவும் அதில் சேரக்கூடாது. பழைய வீடுகளில் 3/20 ஒயர் ஓடும். அது சுமார் 2 சதுர மில்லிமீட்டர்தான். சிலவற்றில் அலுமினிய ஒயர்கூட உண்டு. அவற்றில் காரைத் தொங்கவிடாதீர்கள். 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, 32 ஆம்பியர் சார்ஜருக்குக் குறைந்தது 6. தூரம் அதிகமானால் 10. இன்வெர்ட்டர் லைனில் மாட்டவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சே வேண்டாம்.

இரண்டு, எர்த். சில நண்பர்கள் சொல்வார்கள், "சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியுது, சார்ஜ் ஏற மாட்டேங்குது. எலக்ட்ரீஷியன் வந்து அஞ்சு நிமிஷத்தில் சரி பண்ணிட்டார்" என்று. ஐந்து நிமிஷத்தில் அவர் செய்தது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்ததாக இருக்கலாம். சார்ஜர் ஏமாந்துவிடும். ஆனால் என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இன்னொரு கேடும் உண்டு. காரின் உடம்புக்குக் கசியும் மின்சாரம் அந்தத் துண்டு ஒயர் வழியே நியூட்ரலுக்கே திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் ஆர்.சி.சி.பி. கண்ணை மூடிக்கொள்ளும். மாணவச் செல்வங்களே, இன்று விடுதிக்குப் போனதும் இதைப் படம் போட்டுப் பாருங்கள். சிவப்பு விளக்கு உங்கள் எதிரி அல்ல; வீட்டில் எர்த் இல்லை என்று உண்மையைச் சொல்லும் நண்பன். குழி வெட்டி, எர்த் பைப் இறக்கி, எர்த் டெஸ்டரால் அளந்து, எத்தனை ஓம் என்று எழுதி வாங்குங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. கோடையில் குழி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் போதும். ஆனால் வகை பார்த்து வாங்க வேண்டும். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஏ.சி. வகை. காருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் வேலை நடப்பதால், குறைந்தது 'ஏ' வகை கேளுங்கள். 6 மில்லி ஆம்பியருக்கு மேல் டி.சி. கசிந்தால் நிறுத்தும் வசதி சார்ஜரிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 'பி' வகை தேவைப்படும்.

நான்கு, இடம். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜிங் நிலையங்களுக்கு, சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2019-ல் விதி செய்தது. உங்கள் தெருவில் தண்ணீர் அதற்கும் மேல் நின்றதென்றால், அந்தச் சுவர்க் கறைக்கும் மேலே வையுங்கள்.

ஐந்து, ஈ.பி. ஆபீஸ். வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டு நெறிகளில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உங்களுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். போதாவிட்டால் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொது விளக்கு லைனில் கை வைக்காமல், மீட்டர் அறையில் உள்ள தங்கள் சொந்த மீட்டரிலிருந்தே பார்க்கிங் வரை கேபிள் இழுத்தால், பில்லுக்காக அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை வராது.

"7 கிலோவாட் சார்ஜர் வாங்கவா?" என்பது அடுத்த கேள்வி. ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால், தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏழு யூனிட் போதும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் இரண்டேகால் மணி நேர வேலை. நம்மில் பலருக்குப் பெரிய சார்ஜர் தேவையே இல்லை. அந்தப் பணத்தை ஒயரிலும் எர்த்திலும் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்துக் கார் வாங்கிவிட்டு, ஒயரில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. வரும் ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு இந்த வேலை இருக்கிறது. "அஞ்சு நிமிஷத்தில் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லாத எலக்ட்ரீஷியனுக்கும் இன்ஜினீயருக்கும் மரியாதை நிச்சயம் உண்டு.

நண்பர்களே, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் சார்ஜிங் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த சந்திப்புக்கும் நாம் எல்லோரும் குடும்பத்தோடு சேர்ந்து வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.