பந்திவிசாரணை

சபையில் எல்லோரும் அறிந்திருந்தும் பிரசங்க பீடத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற சக விசுவாசியின் மேல் வரும் கோபமும், அந்தக் கோபத்துக்கு அடியில் கிடக்கும் ஏமாற்றமும்தான் என் பொருள். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நம்மை அவமதித்தால், உலகம் அப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். திருவிருந்தில் நம் பக்கத்தில் முழங்கால்படியிட்டவர் அதையே செய்யும்போது தேறுதல் கிடைப்பதில்லை. 55ஆம் சங்கீதத்தின் புலம்பல் இதே நோவிலிருந்துதான் எழுகிறது. பகைவன் செய்திருந்தால் அந்தச் சங்கீதக்காரன் பொறுத்திருப்பான். செய்தவனோ அவனோடு தேவனுடைய வீட்டுக்குக் கூடிப் போன தோழன். ஆகவே இந்தக் கோபம் வருகிறவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். சபையிடம் ஒன்றும் எதிர்பார்க்காதவனுக்குச் சபையின் மேல் கோபமே வராது.

நம் ஏமாற்றத்தில் ஒரு பங்கு, ஆதிச் சபையைப் பற்றி நாம் வரைந்து வைத்திருக்கும் படத்திலிருந்து வருகிறது. அவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள், ஒருமனமாயிருந்தார்கள் என்று படிக்கிறோம். படித்துவிட்டு நம் சேகரக் கூட்டத்தில் எழும் கூச்சலைக் கேட்கிறோம், மனம் உடைகிறது. ஆனால் அந்த ஒருமனத்தை எழுதிய அதே லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் ஒரு சண்டையையும் எழுதி வைத்திருக்கிறார். எருசலேம் சபையில் எபிரெயம், அரமேயம் பேசுகிற யூதர்களும் இருந்தார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்து கிரேக்கம் பேசப் பழகிய யூதர்களும் இருந்தார்கள். நாள்தோறும் நடந்த உணவுப் பகிர்வில் கிரேக்கம் பேசியவர்களின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் பந்தி வஞ்சனை. விருந்து வீட்டில் ஒருவருக்கு இலை போட்டு இன்னொருவரைத் தவிர்த்தால் அந்த அவமானம் மூன்று தலைமுறைக்கு மறக்காது என்பது தமிழர்களுக்குத் தெரியும். அதுவும் விடுபட்டவர்கள் விதவைகள். தங்களுக்காகப் பேச வீட்டில் ஆண் துணை இல்லாதவர்கள்.

அப்போது எழுந்த எதிர்ப்பைக் குறிக்க நம் தமிழ் வேதாகமம் முறுமுறுப்பு என்ற சொல்லை ஆள்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மோசேக்கு எதிராகப் பேசியதற்கும் இதே சொல்தான். சபைகளில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு கெட்ட பெயர் என்று உங்களுக்குத் தெரியும். யாராவது கணக்குக் கேட்டால், முறுமுறுக்காதே என்று வாயை அடைத்துவிடுகிறோம். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கு அந்தச் சொல்லை எடுத்து வீச எல்லா அதிகாரமும் இருந்தது, அவர்கள் வீசவில்லை. சபையார் அனைவரையும் வரவழைத்தார்கள். போதிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பந்திவிசாரணையையும் தாங்களே சுமப்பது தகாது என்று ஒத்துக்கொண்டார்கள். ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று மக்களிடமே விட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் யார்? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அக்காலத்து யூதர்களில் எபிரெயம் பேசியவர்கள் சிலரும் கிரேக்கப் பெயர் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஏழு பெயரும் அப்படி அமைந்தது தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. குறை சொன்ன தரப்பின் கையிலேயே சபை பரிமாறும் கரண்டியைக் கொடுத்தது. நம் சேகரங்களில் கணக்குக் கேட்டவரைக் கணக்குப் பார்க்கும் குழுவில் சேர்த்த வழக்கம் எத்தனை இடத்தில் உண்டு?

புதிய ஏற்பாட்டின் பெரிய சச்சரவுகளில் இன்னும் இரண்டும் பந்தியில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்தி வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். ஒன்றுமில்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இவற்றை எழுதாமல் மறைத்திருக்க முடியும். அப்போஸ்தலர்களின் பெருமைக்கு அது உகந்ததாகவும் இருந்திருக்கும். எழுதினார்கள், அதையே வேதம் என்று நம் கையில் கொடுத்தார்கள். குறையில்லாத சபை ஒன்று முன்பு இருந்தது, நாம்தான் அதைக் கெடுத்துவிட்டோம் என்ற எண்ணத்துக்கு அந்த நூலிலேயே இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிறிஸ்தவனுக்கு மன்னிப்புத்தானே கட்டளை, கோபம் பாவமல்லவா என்று கேட்பீர்கள். எபேசியருக்கு எழுதிய நிருபம் கோபத்தையே தடை செய்யவில்லை. பாவம் செய்யாதபடி அதற்கு ஒரு காலக்கெடு வைக்கிறது. பொழுது அடைவதற்குள் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறது. கோபமே கூடாது என்றால் கெடு எதற்கு? மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடந்தது தவறு என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் அதை மன்னிக்க முடியும். ஒன்றும் நடக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே மனத்துக்குள் புதைத்து வைப்பதற்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அப்படிப் புதைத்ததெல்லாம் சபைத் தேர்தல் வருடத்தில் முளைக்கிறது. வாக்குப் பெட்டியில் விழும் சீட்டுகளில் பல, பத்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பட்ட அவமானத்துக்குப் போடப்பட்டவை.

மத்தேயு 18ஆம் அதிகாரம் இந்தக் கோபத்துக்கு ஒரு பாதை போட்டுத் தருகிறது. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சிறிய அறையில் தொடங்கிப் பெரிய கூட்டத்துக்குப் போகும் பாதை அது. நாம் அதைத் தலைகீழாக நடக்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பிறகு பெயரில்லாத துண்டறிக்கை. பிறகு நீதிமன்றத்தில் தடை உத்தரவு. சம்பந்தப்பட்டவரோடு தனியாக உட்கார்ந்து பேசுவது கடைசியில் வருகிறது. பல வேளைகளில் வருவதே இல்லை. கோபம் தவறல்ல என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே சொல்கிறேன், போகவேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகும் கோபம் ஒருவரையும் திருத்தாது. எதிரில் உட்கார்ந்து பேசும்போதுதான் நாம் கேள்விப்பட்டதில் பாதி உண்மையில்லை என்று தெரிய வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை வாட்ஸ்அப் குழு தராது.

இவ்வளவு பாடு எதற்கு, வேறு சபைக்குப் போய்விடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. இன்று நகரங்களில் தெருவுக்கு ஒரு சபை இருப்பதால் இது சுலபமாகத் தோன்றுகிறது. இந்த வழியில் நெடுந்தூரம் நடந்து பார்த்தவர்கள் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள். 303இல் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் வேத நூல்களை ஒப்படைத்து எரிக்கக் கட்டளையிட்டான். சிலர் உயிரைக் கொடுத்து மறுத்தார்கள். சிலர் பயந்து ஒப்படைத்தார்கள். துன்ப காலம் முடிந்ததும், ஒப்படைத்தவர்கள் மேல் மற்றவர்களுக்குக் கோபம் கொதித்தது. அது நியாயமான கோபம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார், பயந்து கொடுத்தவரைப் பீடத்தில் பார்த்தால் வயிறு எரியாதா? கார்த்தேஜ் நகரின் புதிய ஆயர் செசிலியனுக்குக் கைவைத்து அபிஷேகம் செய்த பெலிக்ஸ், நூல்களை ஒப்படைத்தவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தெரிந்தது. தெரிந்தும் கோபம் ஆறவில்லை. டொனாட்டஸ் என்பவரின் பெயரால் தனிச் சபை ஒன்று நிலைத்தது; மற்றவர்கள் கொடுத்த ஞானஸ்நானமே செல்லாது என்றது. 411இல் கார்த்தேஜில் இரு தரப்பும் எதிரெதிரே கூடியபோது, பக்கத்துக்கு ஏறக்குறைய 280 ஆயர்கள் இருந்தார்கள். முதல் குற்றத்தைக் கண்ணால் கண்ட ஒருவர்கூட அன்று உயிரோடில்லை. அதற்கும் முன்பே, தூய்மை தேடிப் பிரிந்த அந்தச் சபையும் தனக்குள் பிளந்துவிட்டிருந்தது. அவர்களுக்கு எதிராக வாதாடிய அகஸ்டின் பின்னாளில் அரச தண்டனையையும் ஆதரித்தார். அது அவர் பெயருக்கு நீங்காத களங்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கோதுமையும் களையும் அறுப்புவரை ஒரே வயலில்தான் நிற்கும் என்று அவர் சுட்டிக்காட்டியதில் தவறில்லை. நம் ஊர்களிலும் தாத்தாக்கள் போட்ட சண்டையைப் பேரன்கள் சுமக்கிறார்கள். காரணம் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. கொடுமைக்கு ஆளானவனிடம், போய்த் தனியாகப் பேசு, சமாதானமாகு என்று சொல்வது கொடுமைக்காரனுக்குக் குடைபிடிப்பதாகாதா? ஆகும், இரண்டு இடங்களில் நிச்சயமாக ஆகும். முதலாவது குற்றம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே மத்தேயு 18ஐக் காட்டித் தாமதப்படுத்துகிறவர் வேதத்தையும் மீறுகிறார், சட்டத்தையும் மீறுகிறார். சகோதரன் மேல் நீதிமன்றம் போகாதீர்கள் என்று கொரிந்தியருக்குப் பவுல் சொன்னது அன்றாட வாழ்க்கையின் வழக்குகளைப் பற்றி; அதைக் கொண்டு குற்றத்தை மூடக் கூடாது. இரண்டாவது சாதி. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இரு சாதியாரும் ஒரே பூசையைக் காணும்படி கட்டப்பட்டது. 1910இல் கௌசானல் அடிகளார் நடுச்சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்கு வெற்றி தரவில்லை. அந்த மக்களுக்குத் தனித்தனியே புத்தி சொல்லி மனமாற்றத்துக்குக் காத்திருந்தால் சுவர் இன்னும் எவ்வளவு காலம் நின்றிருக்குமோ. அமைப்பாக நிற்கும் அநீதியை அமைப்பாகத்தான் நீக்க வேண்டும். எருசலேமில் நடந்ததும் அதுதானே? விதவைகளின் முறையீட்டுக்குக் கிடைத்த பதில் ஆறுதல் வார்த்தை இல்லை. பந்தியின் நிர்வாகமே கைமாறியது.

பேசியும் தீராமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்கு என்னும் யோவான் ஒரு பயணத்தில் பாதியில் திரும்பிப் போனவன். அவனை மறுபடி கூட்டிப் போகலாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் சச்சரவு மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். ஒருவர் சீப்புரு தீவுக்கு, ஒருவர் சீரியா வழியாக. யார் பக்கம் நியாயம் என்று லூக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரையொருவர் ஊழியத்துக்குத் தகாதவர் என்று அவர்கள் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்ததாக எங்கும் இல்லை. பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பயன்படுவான் என்ற கருத்தில் பவுலின் வேண்டுகோள் இருக்கிறது. பிரிந்த பிறகும் கதவைத் தாழிடாமல் வைத்திருந்ததால்தான் அந்த வரி எழுத முடிந்தது. இன்று நீங்கள் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியாதிருக்கலாம். அவரைப் பற்றி நாளை எழுதவேண்டிய நல்ல வரிக்கு இன்றே இடம் விட்டு வையுங்கள்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களே, அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கசப்பாகப் பேசினால், அவர் குரலின் கசப்பை விட்டுவிட்டு அதில் உள்ள செய்தியை எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு இலை விழவில்லை என்று போய்ப் பாருங்கள். கோபத்தோடு இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்குக் குறையாத நடை. பலிப்பொருளை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒப்புரவாகி, மறுபடி நடந்து வரவேண்டும். அங்கே புறப்படச் சொல்லப்பட்டவன் மனத்தாங்கலுக்குக் காரணமானவன். மத்தேயு 18இல் புறப்படச் சொல்லப்பட்டவன் நோகடிக்கப்பட்டவன். இருவரில் யாரும் வீட்டில் உட்கார்ந்து மற்றவர் வரட்டும் என்று காத்திருக்க அனுமதியில்லை. உங்கள் மனத்தில் இப்போது ஒரு முகம் வந்திருக்கும். அவர் கலிலேயாவில் இல்லை. உங்கள் சேகரத்திலேயே, இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்குள் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.