காசோலையின் பின்புறம் ஒரு கையெழுத்து



முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் யாருக்கும் மறக்காது. அதுவரை கட்டைவிரலில் மை தடவியவர்கள், வங்கியில் பேனாவை வாங்கித் தம் பெயரை எழுதிய நாள் அது. அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஏழைப் பெற்றோர் பலர், அரசாங்கம் தந்த காசோலையின் பின்புறம் கையெழுத்துப் போட்டார்கள். அது அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கான காசோலை. அந்தப் பணத்துக்குப் படிப்பு வந்ததா? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

மில்வாக்கி, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெரிய ஏரிக்கரையில் உள்ளது. ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்த ஊர். ஆலைகள் மூடியபோது அதிகம் அடிபட்டவர்கள் அங்கிருந்த கறுப்பின மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளிகளில் தேர்ச்சி குறைவு. பாலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி அந்த மாநில சட்டமன்ற உறுப்பினர். அவரும் கறுப்பினத்தவர், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பணக்காரர் தம் பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார், ஏழைக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை என்று அவர் கேட்டார். ஆளுநர் டாமி தாம்சன் எதிர்க்கட்சிக்காரர். ஆனாலும் இந்த விஷயத்தில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். 1990-ல் சட்டம் வந்தது.

சட்டம் சொன்னது இதுதான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை தனியார் பள்ளியில் சேரலாம். செலவை அரசு கொடுக்கும். முதல் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு 2,446 டாலர். பள்ளி நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கக் கூடாது. இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். அந்த ஆண்டு 7 பள்ளிகளில் 341 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒரு பள்ளி ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது! பிள்ளைகள் பாதியில் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் ஆண்டுதோறும் ஆய்வு நடந்தது. பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்று பார்த்து அறிக்கை வெளியிட்டார்கள். 1995-ல் திட்டத்தைப் பெரிதாக்கினார்கள். மத அமைப்புகள் நடத்தும் பள்ளிகளையும் சேர்த்தார்கள். வழக்கு நடந்து, 1998-ல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. காசோலையைப் பெற்றோர் பெயரில் எழுதிப் பள்ளிக்கு அனுப்பும் முறையும் அப்போது வந்ததுதான். பெற்றோர் பள்ளிக்குப் போய்ப் பின்புறம் கையெழுத்திட்டதும் பணம் பள்ளிக்குச் சேர்ந்தது.

இவ்வளவும் செய்த அதே 1995 சட்டம், ஆண்டு ஆய்வை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு சுமார் பத்து ஆண்டுகள், எந்தப் பள்ளியில் பிள்ளை தேறுகிறது, எதில் தேறவில்லை என்று ஊருக்குத் தெரிய வழியில்லை. திட்டமோ வளர்ந்துகொண்டே போனது. 2010-ல் சுமார் 20 ஆயிரம் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

பள்ளிகள் தேர்வே வைக்கவில்லையா? வைத்தன. ஆனால் அவரவர் கேள்வித்தாள், அவரவர் மதிப்பெண். கடைக்காரர் தாமே செய்த படியால் அரிசி அளந்தால் எப்படி இருக்கும்? அளவு சரியாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்துக் கடையோடு ஒப்பிட முடியாது. அதனால்தான் படிக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை போடுகிறார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே திருத்தும் முறை என்று வைப்பதற்குத் தரப்படுத்திய தேர்வு என்று பெயர்.

2006-ல் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஆனால் ஏதாவது ஒரு தரப்படுத்திய தேர்வை வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். எந்தத் தேர்வு என்பது பள்ளியின் விருப்பம். முடிவு ஆய்வாளர்களுக்குப் போகும். 2010-ல்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மாநிலத் தேர்வையே இவர்களும் எழுதினார்கள். 2011-ல் பள்ளிவாரியாக முடிவு வெளிவந்தது. கணக்கில் தேர்ச்சி பெற்றவர்கள், அரசுப் பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 48 பேர். அரசுப் பணத்தில் தனியார் பள்ளியில் படித்தவர்களில் சுமார் 34 பேர். வாசிப்பில் 59, 55. ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. நம் எழுத்தறிவு வகுப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்து மறந்தவர். இன்னொருவர் அகரமே அறியாதவர். ஆறு மாதம் கழித்து முன்னவர் செய்தித்தாள் வாசிக்கிறார். பின்னவர் பேருந்துப் பலகை வாசிக்கிறார். யார் அதிகம் கற்றவர்? முடிவை மட்டும் பார்த்தால் தவறாகச் சொல்லிவிடுவோம். மில்வாக்கியிலும் இந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். அரசுப் பள்ளியிலோ ஓரளவு வசதியுள்ளவர்களும் உண்டு.

ஆய்வாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். தனியார் பள்ளியில் சுமார் 2,700 பிள்ளைகள், அவர்களைப் போலவே உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதே அளவு என்று எடுத்துக்கொண்டு 2006 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் சில ஆண்டுகள் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே முன்னேறின. மாநிலத் தேர்வு வந்து, பள்ளியின் பெயரோடு முடிவு வெளியாகும் என்றான அந்த ஆண்டில்தான் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு சட்டென்று கூடியது. அதே பிள்ளைகள், அதே பள்ளிகள்! ஊர் பார்க்கப் போகிறது என்றதும் பாடம் நடத்துவதிலும், தேர்வுக்குத் தயார் செய்வதிலும் அக்கறை வந்துவிட்டது என்றே தோன்றுகிறது. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தனியார் பள்ளிகளின் குறையையும் கேட்க வேண்டும். 'எங்கள் பாடத்திட்டம் வேறு. மாநிலத் தேர்வுக்காக அதை வளைக்கச் சொல்கிறீர்கள்' என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்வுக்கு வருவதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாட்டும் ஓவியமும் விளையாட்டும் போய்விடும். ஆனாலும் பிள்ளையின் இழப்பு அதை விடப் பெரிது. 1991 முதல் 2015 வரை இத்திட்டத்தில் இருந்த பள்ளிகளில் பத்துக்கு நான்கு நிலைக்காமல் போயின என்கிறது ஓர் ஆய்வு. பள்ளி மூடினால் கட்டடத்தை விற்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆண்டை யார் திருப்பித் தருவது?

நம் நாட்டுக்கு வருவோம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். செலவை அரசு ஈடுசெய்கிறது. உங்கள் தெருவிலேயே அப்படிப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். அரசுப் பள்ளியில் பெற்றோரும் சேர்ந்த மேலாண்மைக் குழு உண்டு. போய்க் கேள்வி கேட்கலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் குழு கட்டாயமில்லை என்று அதே சட்டம் விட்டுவிட்டது. 2021-ல் நடந்த தேசிய அடைவுத் தேர்வில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதினார்கள். முடிவு மாவட்டவாரியாக வந்தது. தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரை அதில் தேடும் தாய்க்கு, மாவட்டத்தின் பெயர்தான் கிடைக்கும்.