தீட்டுக்கு அஞ்சியவரின் திகில் கதைகள்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிற மக்களை இழிந்தோர் என எழுதிய ஒருவரின் கதைகளை, அவ்வாறே இழிக்கப்பட்ட நாம் சுவைத்துப் படிக்கலாமா? நம் இளைஞர்கள் எழுப்பிய இவ்வினாவுக்குக் காரணமானவர் அமெரிக்கத் திகில் கதையாசிரியர் எச். பி. லவ்கிராஃப்ட். 1890-இல் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து, 1937-இல் தமது 46-ஆம் வயதில் வறுமையிலேயே மறைந்தவர். கடலடியில் உறங்கும் குதுலு என்னும் பூதத்தைப் படைத்தவர் அவரே. இரவில் அக்கதையைப் படித்துவிட்டு விளக்கை அணைக்க நாமும் தயங்கியிருக்கிறோம். அதை மறைப்பானேன்?

1924-இல் மணம் புரிந்து நியூயார்க்கில் குடியேறிய அவர், அங்கே வந்து சேர்ந்திருந்த பல நாட்டு ஏழை மக்களைக் கண்டு அருவருத்தார். 1925-இல் எழுதி, 1927 சனவரியில் 'வியர்டு டேல்ஸ்' இதழில் வெளிவந்த ரெட் ஹூக் பற்றிய கதையில் அம்மக்களே பேய்களுக்குத் துணைபோவோராக வருகின்றனர். கடிதங்களில் கறுப்பரையும் யூதரையும் இகழ்ந்தார். அவருடைய மனைவியோ யூதப் பெண்மணி! 'அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்று சமாதானம் கூறுவோர் உளர். அதே நகரில் அதே ஆண்டுகளில் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் கறுப்பினத்தின் உரிமைக்காக 'கிரைசிஸ்' இதழை நடத்திக்கொண்டிருந்தார். 1946-இல் நம் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதித் தொடர்புகொண்ட அந்த டுபாய்ஸ்தான். ஆகவே அச்சமாதானம் செல்லாது.

ஆயினும், அவர் கதைகளைத் திறக்கும் சாவி நம் கையில் இருக்கிறது. அதன் பெயர் தீட்டு. 1931-இல் அவர் எழுதிய இன்ஸ்மவுத் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரொன்றில் மனிதரும் கடல்வாழ் உயிரினமும் இரத்தக் கலப்புற்றிருக்கின்றனர். கதை சொல்லும் இளைஞன் அருவருத்து ஓடித் தப்புகிறான். பின்னர், தன் குருதியிலும் அக்கலப்பே ஓடுகிறது என அறிகிறான். ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய திகில் இல்லை. தொட்டால் தீட்டு, கலந்தால் கேடு என்னும் அச்சத்தை அஞ்சுவோரின் உள்ளிருந்து இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய எழுத்து அரிது. நம்மைத் தெருவில் விடாதவர் எதற்கு நடுங்கினர் என்பதை நாம் இங்கே காண்கிறோம். முடிவில் அவ்விளைஞன் வெட்கம் நீங்கி, மகிழ்வோடு கடலுக்குச் செல்லத் துணிகிறான்! ஆசிரியர் நடுங்கச் சொன்ன இடத்தில் நமக்கு உவகை பிறக்கிறது.

மனுநூலை அண்ணல் 1927 திசம்பரில் மகாடில் எரிக்கச் செய்தார். அந்நூலை நுணுகிக் கற்றவரும் அவரே. ஆனால் மறுப்பதற்காகக் கற்பது வேறு, சுவைத்துப் படிப்பது வேறு. சுவைத்தும் மறுத்தும் காட்டியவர் கறுப்பின எழுத்தாளர் விக்டர் லவால். சிறுவயதிலேயே லவ்கிராஃப்டில் மயங்கிய அவர், 2016-இல் 'பிளாக் டாம்' பற்றிய குறுநாவலில் ரெட் ஹூக் கதையையே ஹார்லெம் இளைஞன் ஒருவனை நாயகனாக்கித் திருப்பிச் சொன்னார். அவ்விளைஞனின் தந்தை கையிலிருந்த கித்தாரைத் துப்பாக்கி என்று கருதியதாகக் கூறி ஒரு வெள்ளையர் அவரைச் சுட்டுக் கொல்கிறார். அதற்குப்பின் எந்தப் பூதம் நமக்கு அச்சமூட்டும்?

படிப்பது வேறு, தலையில் தூக்கி வைப்பது வேறு. உலகக் கற்பனை இலக்கிய விருதாக லவ்கிராஃப்டின் தலைச்சிலையையே வழங்கி வந்தனர். 2011-இல் அதைப் பெற்ற நைஜீரிய வழி அமெரிக்கர் நெடி ஒகோராஃபர், தம் இனத்தை இகழ்ந்தவரின் தலை தம் வீட்டில் இருப்பதன் சங்கடத்தை எழுதினார். 2015-இல் அச்சிலையைக் கைவிடுவதாக அறிவித்தனர். புனேயில் பிறந்த லவ்கிராஃப்ட் ஆய்வறிஞர் எஸ். டி. ஜோஷி அதை எதிர்த்துத் தம் விருதுகளைத் திருப்பி அனுப்பினார். அவர் புலமையை மதிக்கிறோம். இதில் அவரோடு உடன்படோம். சிலை அகன்றதால் கதையின் ஒரு வரியும் அழியவில்லை.

இளைஞர்களே, ரெட் ஹூக் கதையை முதலிலும், லவாலின் நூலை அடுத்தும் படியுங்கள். லவால் தம் நூலை லவ்கிராஃப்டுக்கே காணிக்கையாக்கினார். தம் மனம் இரண்டுபட்டிருப்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்.