வயிற்றைக் கலக்கும் நான்கு மணி



எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவைப் பேச இரண்டு நாள் கூடியிருக்கிறோம். கொள்கைகளுக்குப் போகுமுன், ஆலோசனை அறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இளம் தாய் ஒருவர் வந்தார். "மனசே சரியில்லைங்க, சாயங்காலமானா வயித்தைக் கலக்குது" என்றார். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். "ஒண்ணும் ஓடலைங்க." மூன்றாவது சந்திப்பில்தான் பிடிபட்டது. தினமும் நான்கு மணிக்குத் தெருமுனையில் பள்ளி வேனின் ஹார்ன் கேட்கும். போன வருஷம் ஒருநாள் வேன் ஒன்றரை மணி நேரம் தாமதம். அன்றுமுதல் மூன்றரை மணிக்கே, "இன்னிக்கு வராதோ" என்றொரு நினைப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போயிருக்கிறது. அவர் அதை நினைப்பென்று கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிலடெல்பியாவில் உளப்பகுப்பாய்வு பயின்ற ஆரன் பெக், மனச்சோர்வுற்றவர்களிடம் 1960களில் கண்டதும் இதுதான். இப்படி மின்னி மறையும் நினைப்புகளுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அந்த எண்ணத்தைப் பிடித்து, மெய்தானா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வகுத்த சிகிச்சையின் உயிர்நாடி.

அந்தத் தாயும் சோதித்தார். ஓட்டுநரின் எண் கையில் இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டே வாரத்தில் தெளிந்தார். வயிறு அடங்கத்தான் ஐந்து மாதமாயிற்று. அறிவு ஒப்புக்கொண்டதை உடம்பு ஒப்புக்கொள்ள அத்தனை நாள்!

எண்ணம் முந்தியதா, உணர்ச்சி முந்தியதா என்ற வழக்கு இங்கேதான் வருகிறது. எண்ணம் முன்னே வராமலே விருப்பு வெறுப்பு எழும் என்று 1980இல் உளவியலாளர் ராபர்ட் சாயன்ஸ் எழுதினார். நமக்கு நன்மையா தீமையா என்ற மதிப்பீடின்றி உணர்ச்சியே கிடையாது என்று இன்னொரு உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் மறுத்தார். இருவரும் எண்ணம் என்று வெவ்வேறானவற்றைச் சொன்னார்கள். பாதி வழக்கு அதனால் வந்தது என்பது என் துணிபு. "வராதோ" என்ற மின்னலும், ஓட்டுநர் எண் பற்றிய நிதானமான யோசனையும் ஒன்றல்லவே.

உணர்ச்சியையும் உடம்பையும் சேர்த்துப் பார்ப்பதற்கு நம் மரபிலும் ஒரு தடம் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் காட்டுகிறார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. எதை முன்னிட்டு எழுந்தது என்பதையும் மெய்யில் எப்படித் தெரிந்தது என்பதையும் அவர் பிரித்து வைக்கவில்லை. அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம். அதை மருத்துவ நூலாக்கிப் பெருமை பேச வேண்டாம். ஆனால் அந்தப் பார்வை நமக்கு வேண்டும்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நம் கையில் உள்ள வினாப்படிவங்கள் பல மொழிபெயர்ப்புகள். "பதற்றம் உண்டா?" என்று கேட்டிருந்தால் அந்தத் தாய் இல்லை என்றிருப்பார். மனசு அடிச்சுக்குது, நெஞ்சு படபடங்குது, வயித்தைக் கலக்குது என்று மக்கள் சொல்வதைச் சொன்னபடியே முதலில் பதிவு செய்யுங்கள். கலைச்சொல் அதற்குப் பிறகு வரட்டும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வுக்கு உரியவர்கள் மேடைக்கு வாருங்கள்.