திரைப் பாடமும் வகுப்பறைப் பாடமும்

(சூலக்கரை ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையிலான நம் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் தேதியன்றே மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தனர். இடைப்பட்ட காலத்தில், 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியுமே பாடம் சொல்லின. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பிய நம் வட்டாரத்தில், பல வீடுகளில் இருந்த ஒரே கைபேசி தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். மாலையில் திரும்பினால் அது முதலில் அண்ணன் கைக்குப் போகும். தங்கையின் முறை கடைசியில்தான் வரும்.

இதனால் இணையவழிக் கல்வியே வேண்டாம் எனக் கூறலாமா? கூடாது. விளங்காத பாடத்தை நிறுத்தி நிறுத்தி மீண்டும் பார்க்கலாம். விடுப்பெடுத்த பிள்ளை விட்டதைப் பிடிக்கலாம். ஆனால் பிள்ளை எங்கே தவறினான் என்பதைத் திரை அறியாது. ஓதும் பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்த உஸ்தாது எதிரில் இருக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். கணக்கும் ஆங்கிலமும் அவ்வாறே.

எனவே இரண்டையும் இணைப்பதே வழி. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2021இல் வெளியிட்ட கருத்துவரைவில், உயர்கல்விப் பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியிலும் எஞ்சியதை வகுப்பறையிலும் நடத்தலாம் என்றது. விளக்கத்தைத் திரையில் காணட்டும். பயிற்சியும் ஐயமும் ஆசிரியர் முன்னிலையில் அமையட்டும்.

அதே 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டருகிலேயே மாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு நாம் வேண்டுவது இதுவே: மதரஸாக் கூடத்தை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்து வைப்போம். அந்நேரமாயின் பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பலாம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி போதும். பாடநூலிலுள்ள கியூ.ஆர். குறியீட்டின் வழியே பாடத்தைப் பார்த்தபின், பட்டம் பெற்ற நம் இளைஞர் ஒருவர் அருகிலமர்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திருத்தட்டும். எச்சமயத்துப் பிள்ளையாயினும் வரட்டும்.

கைபேசியை இரவலாகத் தர இயன்றவர்களும், நேரம் தர இயன்றவர்களும் நிர்வாகிகளிடம் பெயர் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம். இன்ஷா அல்லாஹ், கைபேசி இல்லாத காரணத்தால் நம் தெருவில் எந்தப் பிள்ளையும் பின்தங்காதிருக்கட்டும்.