நாலாவது ஆளுக்குச் சம்பளம் எங்கே?

(பட்டிமன்றத் தலைப்பு: புகையிலைப் பழக்கத்தை ஒழிக்க அரசு பெரிதும் நம்ப வேண்டியது சட்டத்தையா? ஊர்த் தொண்டையா?)



தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'சட்டத்தையா, தொண்டையா'ன்னு போட்டிருக்காங்க. புகையிலையைப் பத்திப் பேசும்போது தொண்டை வராம எப்படிங்க? (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். பிறந்தது அரியலூர்ப் பக்கம், பாடம் சொல்றது பெரம்பலூர்ல. 2007-ஆம் ஆண்டு ரெண்டையும் தனித்தனி மாவட்டமாக்கினப்ப என்னையும் ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்குச் சோறு போட்டு, வெற்றிலை பாக்கும் கொடுக்கிறாள். அதில் புகையிலை கிடையாது. இருந்திருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. இறங்கின பிறகு நம்ம ஆளு சும்மா இருந்தாரா? அதுக்கும் ஒரு சிற்றிலக்கியம் பாடிட்டார். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது'. மத்தவங்க அன்னத்தைத் தூது விட்டாங்க, மேகத்தைத் தூது விட்டாங்க. இவர் பழனி முருகனுக்குப் புகையிலையைத் தூது விட்டார். அது பழனிக்குப் போச்சோ என்னமோ, எங்க ஊருக்கு வந்தது திரும்பிப் போகவே இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சீங்க. சில வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு மேடையில், கிழவிகளோட சுருக்குப் பையை வெச்சு நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். அரங்கமே அதிர்ந்தது. அந்தச் சுருக்குப் பை எங்க அத்தையோடது.

அத்தைக்குச் செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். முந்திரிக் காட்டுக்குக் கூலிக்குப் போறவங்க. கல்யாணமாகி வந்த புதுசுல பல் வலின்னு மாமியார் ஒரு துண்டு போயிலையைக் கிள்ளிக் கொடுத்தாங்களாம். பல் விழுந்துடுச்சு, போயிலை விழலை. "மத்தியானம் பசி தெரியாது தம்பி, குனிஞ்ச இடுப்பு வலிக்காது"ன்னு சொல்வாங்க. நான் எம்.ஏ. படிச்சேன், முனைவர் பட்டம் வாங்கினேன். அத்தையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வாழைப்பழத்தோட ஒரு பொட்டலம் போயிலையும் வாங்கிட்டுப் போவேன். அதுதான் மரியாதைன்னு நினைச்சேன். படிச்ச மருமகன் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், நடுவர் அவர்களே.

கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு வந்தது. ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் நல்லவர்தான். வெளியே இருநூறு பேர் வரிசை. "போயிலையை விட்டுடுங்கம்மா"ன்னார். முடிஞ்சு போச்சு. வெளியில வந்து அத்தை கேட்டாங்க: "விடுன்னு சொன்னாரு, எப்படி விடுறதுன்னு சொல்லலையே தம்பி?" எனக்குப் பதில் தெரியலை. ரெண்டு வருஷம் கழிச்சு வாய் திறக்க முடியலை. தஞ்சாவூருக்கு ஓடினோம். கடைசி மூணு மாசம் எங்க அத்தை சோறு தின்னலை.

இப்போ எதிரணிக்கு வரேன். சட்டம் இருக்குன்னாங்க. ஆமா, இருக்கு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்துல புகைச்சா இருநூறு ரூபாய் வரை அபராதம். பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜத்துக்குள்ள விற்கக் கூடாது. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை. 2016-லிருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடத்துல பயங்கரமான படம். எல்லாம் வேணும், ஒண்ணையும் நான் எடுக்கச் சொல்லலை. ஆனா எங்க அத்தை வாங்கினது பாக்கெட் இல்லையே! பெட்டிக்கடையில பழைய செய்தித்தாளைக் கிழிச்சு மடிச்சுக் கொடுத்த போயிலை. அதில் என்ன படம் இருக்கும்? சினிமா நடிகை படம் இருக்கும்! (சிரிப்பு) விட நினைச்சா இலவசமா ஆலோசனை கேட்கலாம்னு பாக்கெட்டுல தொலைபேசி எண் போட்டிருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க அந்த எண்ணை எப்படிக் கூப்பிடுவாங்க?

கணக்கும் சொல்றேன். அரசே எடுத்த கணக்கெடுப்பு. 2009-10-இல் இந்தியாவில் பெரியவர்களில் 34.6 சதவீதம் பேர் புகையிலையைத் தொட்டார்கள். 2016-17-இல் அது 28.6 ஆகக் குறைஞ்சது. சந்தோஷம். அதே காலத்தில் தமிழ்நாட்டில்? 16.2 சதவீதம் 20 ஆக ஏறியிருக்கிறது! குட்காவுக்குத் தடை வந்ததும் இதே காலத்துக்குள்ளேதான். நாட்டுல இறங்குது, நம்ம வீட்டுல ஏறுது. பெரும்பாலும் இதே கதைதான்: படிப்பு குறையக் குறைய, வருமானம் குறையக் குறைய, இந்தப் பழக்கம் கூடும்.

ஏன்? பாடாலூர்ப் பக்கம் கல் உடைக்கிற ஒருத்தர்கிட்ட கேட்டேன், "ஏம்ப்பா இந்தப் பீடி?" "ஐயா, பீடி பத்த வெச்சா அஞ்சு நிமிஷம் உட்கார விடுவாங்க. சும்மா உட்கார்ந்தா வைவாங்க"ன்னார். பீடிதாங்க அவருக்கு லீவு லெட்டர்! இந்தக் காரணத்தை எந்தச் சட்டப் பிரிவு கண்டுபிடிக்கும்? பக்கத்துல உட்கார்ந்து பேசினவனுக்குத்தான் தெரியும்.

விலையை ஏத்தினா விட்டுடுவாங்கன்னாங்க. ஒத்துக்கறேன், விலை வேலை செய்யும். ஆனா 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் என்ன முடிவெடுத்தது? சிகரெட்டுக்கு 40 சதவீதம். பீடிக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைப்பு. ஏழை நெஞ்சு என்ன, இரும்பிலயா செஞ்சது?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், மருத்துவம் என்பது நாலு பங்கு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் பக்கத்திலேயே இருந்து கொடுக்கிற ஆள். நம்ம ஏற்பாட்டில் நோயாளிக்குப் பஞ்சமில்லை. மருத்துவர் இருக்கார், 2022-இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துடுச்சு. மருந்தும் இருக்கு. அந்த நாலாவது ஆள் எங்கே? அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்?

2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்துல மகளிர் குழுவிலிருந்து வந்த ஒரு பொண்ணைப் பார்த்தேன். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு வீடா மாத்திரை கொண்டு போறாங்க. ஒரு பாட்டிகிட்ட, "ஆயா, பையைக் காட்டு"ன்னு வாங்கி, போயிலையை ஓரமா வெச்சுட்டுக் கிராம்பும் ஓமமும் போட்டுக் கொடுத்தாங்க. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மட்டும் போடு. மத்த நேரம் இதை மெல்லு. அடுத்த வாரம் வந்து எண்ணுவேன்." பாட்டி திட்டினாங்க. அடுத்த வாரமும் இந்தப் பொண்ணு போச்சு. அதுக்கு அடுத்த வாரமும் போச்சு. பாட்டி முழுசா விடலை, பாதியாக் குறைச்சிருக்காங்க. "இதுக்குத் தனியா ஏதாவது தராங்களாம்மா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க சார், நானா செய்யிறது"ன்னாங்க.

பணம் எங்கேன்னு கேட்பாங்க. 1976-லயே பீடிக்குத் தனித் தீர்வை போட்டு, அந்தக் காசு பீடித் தொழிலாளியோட ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பிள்ளைங்க படிப்புக்கும்தான்னு சட்டம் எழுதின நாடு இது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தத் தீர்வையை எடுத்துட்டாங்க. தாய்லாந்தில் 2001-லிருந்து சாராயத்துக்கும் புகையிலைக்கும் போடுற வரிக்கு மேல ரெண்டு சதவீதம் வாங்கி, உடல்நலப் பணிக்குன்னே தனி நிதியா வெச்சிருக்காங்க. ஊர் அமைப்புகளுக்கு அங்கிருந்து பணம் போகுது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், அரியலூருக்கு வாங்க. ஊரைச் சுத்திச் சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பழைய சுரங்கக் குத்தகைக்காரர்கள் அரசுக்குக் கட்டுகிற உரிமைத் தொகையில் 30 சதவீதத்துக்குச் சமமான பணத்தை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் கட்டணும். ஏலத்தில் எடுத்தவங்க 10 சதவீதம். எதுக்கு? சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு. முன்னுரிமைப் பட்டியல்ல மருத்துவமும் இருக்கு. தூசியைத் தின்னுட்டு, அதுக்கு மேல பீடியும் குடிக்கிற சுமைதூக்கும் தொழிலாளி பாதிக்கப்பட்டவர் இல்லையா? கட்டடம் கட்டினா கல்வெட்டு வைக்கலாம். ஒரு ஆயா போயிலையை விட்டா எங்கே கல்வெட்டு வைக்கிறது? அதனாலதான் இதுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குறாங்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். (கைதட்டல்)

நடுவர் மணியில கை வெச்சுட்டார். ஒண்ணே ஒண்ணு. ஊருக்கு ஒரு நாலாவது ஆள், அவருக்கு மாசச் சம்பளம், வருஷா வருஷம் நிக்காம. இதை எங்க கனிமப் பணத்திலிருந்து அரியலூர்ல முதல்ல தொடங்கட்டும். பெரம்பலூருக்கு மாநில அரசு கொடுக்கட்டும். எங்க அத்தை கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. அந்தக் கேள்வியைத் தீர்ப்புச் சொல்லப் போகிற உங்ககிட்டயே வெச்சுட்டு உட்கார்றேன்.